தூணுக்குப் போன முட்டை

அவரை எனக்குப் பிடிக்காது. இறந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எங்கள் சபையில் ஆள் நிறைய உண்டு. அவர்கள் சொல்லட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மெதடிஸ்ட் கோயிலைப் பார்க்க வெளியூரிலிருந்து யாராவது வந்தால், இருப்பவர்களில் மூத்தவள் என்று என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். நானும் தடியை ஊன்றிக்கொண்டு கூடவே போகிறேன். கூர்வளைவு ஜன்னல்களைக் காட்டுகிறேன். செண்பகத்தோப்புக் காட்டிலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவந்த உத்திரங்களையும், அவற்றின் மேல் செங்கலைக் குத்துக்குத்தாக அடுக்கிய மச்சையும் காட்டுகிறேன். பிரசங்க மேடை ஓரமாக ஒதுங்காமல் எல்லோர் கண்ணுக்கும் நேராக நிற்கிறதே, அது எங்கள் சபையின் வழக்கம் என்று விளக்குகிறேன். இதையெல்லாம் கட்டியது யார் என்று கேட்டால், "ஒரு உபதேசியார்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். பெயரைச் சொல்வதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

உபதேசியார் என்றால் ஐயருக்கு, அதாவது சபைப் பாதிரியாருக்கு, கீழே இருப்பவர். வீடு வீடாகப் போய் ஜெபிப்பது, படிக்கத் தெரியாதவர்களுக்கு வசனம் சொல்லிக் கொடுப்பது, சீக்காளியின் பக்கத்தில் உட்காருவது, இதுதான் அவர் வேலை. முப்பதுகளில் ஒரு வருஷம், கோயிலுக்கு அஸ்திவாரம் மட்டும் போட்டிருந்த நேரத்தில், எங்கள் வெள்ளைக்கார மிஷனரி துரை லீவில் சீமைக்குப் போனார். போகும்போது கட்டடத்தின் படத்தை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றோடு எங்களுக்கு உபதேசியார் இல்லாமல் போனார். சனங்கள் அவருக்குக் கட்டட உபதேசியார் என்று பெயர் வைத்தார்கள். பாராட்டித்தான் வைத்தார்கள்.

ஒல்லியான ஆள். சுண்ணாம்பு தின்று வெடித்த விரல்கள். பேசும்போது உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். பார்வை உங்கள் தலைக்கு மேலே ஒரு முழம் தள்ளி நிற்கும். அங்கே உங்கள் வீட்டு நிலையோ உத்திரமோ இருக்கும். வாயில் எப்போதும் ஒரே சொல்தான். ஆகும். இல்லாவிட்டால் ஆகாது. உலகத்தில் இருக்கிற எதையும் அவர் இந்த இரண்டில் ஒன்றில் போட்டுவிடுவார். வேப்பமரம் கதவுச் சட்டத்துக்கு ஆகும். கிணற்றுக் கயிறு சாரம் கட்ட ஆகும். சுண்ணாம்பு அரைக்க வந்த பெண்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்பார். வயிறு தள்ளி இருந்தவளைப் பார்த்து, "நீ ஆகாதும்மா, போ" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். செங்கல்லைத் தட்டிப் பார்த்து ஒதுக்குகிற மாதிரி ஒதுக்குவார்.

எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்திக்குக் கல்யாணம். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். இவர் உட்காராமல் அடுப்பங்கரைப் பக்கம் போய், சோறு வடித்த அண்டாவை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சுண்ணாம்புல சேக்கக் கடுக்காய் ஊறப்போட ஆகும்" என்றார்.

பெண்ணின் தகப்பனார் பதறிப்போனார். "உபதேசியாரே, அது ராஜபாளையத்துல இருந்து வாடகைக்கு எடுத்த அண்டா."

"ரெண்டு நாள்ல தந்திருதேன்."

மூன்று மாதம் கழித்து அது திரும்பி வந்தபோது கடுக்காய்க் கறை ஏறி உள்ளெல்லாம் கறுத்திருந்தது. வாடகைக்காரன் வாங்க மாட்டேன் என்றுவிட்டான். பாவம், அந்த மனிதர் கடைசிவரை அதில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

சிரிக்கிற கதை இது. சிரிக்க முடியாததும் உண்டு. வயதான தச்சர் ஒருவர் சாகக் கிடந்தார். இவர் ஜெபிக்கப் போனார். நானும் அம்மாவும் அங்கே இருந்தோம். முழங்காலில் நின்று, கண்ணை மூடி, நன்றாகத்தான் ஜெபித்தார். ஆமென் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கண் திறந்துவிட்டது. மேலே பார்த்தார். "அண்ணாச்சி, இந்த உத்திரம் வைரம் பாய்ஞ்ச தேக்கு. கோயில் மச்சுக்கு ஆகும்" என்றார். தச்சர் தலையை அசைத்தார் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். தலை அசைந்ததா, தலையணையிலிருந்து சரிந்ததா என்று எனக்குத் தெரியாது. காரியம் முடிந்த வாரமே உத்திரத்தை உருவிவிட்டு அந்த வீட்டுக்குப் பனங்கட்டையைச் சொருகிக் கொடுத்தார்கள். காட்டிலிருந்து வந்தவை என்று வருகிறவர்களுக்கு நான் காட்டுகிற உத்திரங்களில் கிழக்கே இருக்கும் இரண்டாவது அதுதான்.

இனி தூணுக்கு வருகிறேன். படத்தில் இருந்தது சாதாரணச் செங்கல் தூண், மேலே வெள்ளைப் பூச்சு. துரை அவ்வளவுதான் கேட்டிருந்தார். எங்கள் சபைக்கு ஆடம்பரம் ஆகாது. ஆனால் இவர் செங்கல் விஷயமாக ராஜபாளையம் போன இடத்தில், ஒரு ராஜு வீட்டுக் கூடத்தில் புதிதாகப் பூசிய தூண்களைப் பார்த்துவிட்டார். தொட்டுப் பார்த்திருக்கிறார். அதில் தன் முகம் தெரிந்ததாம். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அதைப் பற்றியே பிரசங்கித்தார். அந்த வாரமே, அங்கே வேலை முடித்திருந்த காரைக்குடிக் கொத்தனாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

கொத்தனார் நல்ல மனிதர். எட்டுத் தூணையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இது பெரிய வீட்டு வேலைங்க. கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெயா அரைச்சு, முட்டை வெள்ளைக்கருவைச் சேத்துப் பூசி, கூழாங்கல்லு வச்சு நாள்கணக்கா தேய்க்கணும். எவ்வளவு முட்டை போகும் தெரியுமா? உங்க சனத்தால முடியாது."

"முடியும்" என்றார் இவர்.

கோயில் எழும்பும்வரை ஆராதனை பள்ளிக்கூடத்தில்தான் நடந்தது. அங்கே எழுந்து நின்று கேட்டார். "கடைசிப் பூச்சு முடியிற வரைக்கும் நம்ம வீட்டுக் கோழி இடுற முட்டை அம்புட்டும் ஆண்டவருக்கு. சம்மதம்னா எந்திரிங்க." எல்லோரும் எழுந்தார்கள். அம்மா எனக்கு முன்னால் எழுந்தாள். நானும் எழுந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா கிடையாது. நான் டீச்சர் வேலை பார்த்தேன். தங்கை எஸ்தருக்குப் பதினேழு வயது. நாங்கள் எழுந்து நின்ற ஒரு மாதத்தில் அவளுக்கு இருமல் தொடங்கியது. துணியில் ரத்தம் கண்டதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, சயரோகம் என்றார். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து என்று ஒன்றும் இல்லை. காற்று, ஓய்வு, பால். "காலையில ரெண்டு முட்டை, பச்சையா. ஒரு நாள் கூட விடக்கூடாது" என்றார்.

எங்கள் வீட்டில் நான்கு கோழிகள் இருந்தன. ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ இடும். உபதேசியார் விடிந்ததும் உமி போட்ட ஓலைப்பெட்டியோடு வந்து நிற்பார். ஒவ்வொரு முட்டையையும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஆகும் என்று பெட்டியில் வைப்பார். கடையில் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். வாங்கத்தான் அலைந்தேன். சேத்தூர்ச் சந்தை, வத்திராயிருப்புச் சந்தை என்று ஆள் விட்டு முட்டையை வாரிக்கொண்டிருந்தார் அவர். அந்த மாதங்களில் எங்கள் பக்கம் ஒரு முட்டை கண்ணில் படுவதே அரிது.

ஒரு காலை முற்றத்தில் அவரை மறித்தேன்.

"உபதேசியாரே, எஸ்தருக்கு தினம் ரெண்டு முட்டை வேணும். டாக்டரம்மா சொல்லியிருக்காவ. மிச்சத்தை எடுத்துக்கிடுங்க."

"ரெண்டு போனா கோயிலுக்கு என்ன மிஞ்சும் டீச்சரம்மா?"

"பிள்ளை மிஞ்சும்."

அவருக்குக் கோபம் வரவில்லை. என் தலைக்கு மேலே பார்த்தபடி சொன்னார், "ஒரு வாரம் பொறுத்துக்கிடுங்க. பூச்சு பாதியில நின்னா ஒட்டுத் தெரியும். பொறவு எம்புட்டுத் தேய்ச்சாலும் போகாது."

"வெள்ளைக்கருதானே உங்களுக்கு வேணும்? மஞ்சக்கருவையாவது திருப்பித் தாங்களேன்."

"அது கொத்தனார் ஆளுகளுக்குப் போகுது. தேய்க்கிற கையில தெம்பு இல்லன்னா தூண்ல மினுக்கம் வராது."

ஒரு வாரம் பல வாரங்கள் ஆனது. நான் திருடத் தொடங்கினேன். அவர் வருவதற்கு முன்னே எழுந்து இரண்டு முட்டையை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். அம்மா கண்டுபிடித்துவிட்டாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. அழுதுகொண்டே அந்த இரண்டையும் கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த முறை அம்மாவுக்குத் தெரியாமல் நேராக எஸ்தரிடமே கொண்டுபோனேன்.

"நேர்ந்ததை எடுக்கலாமாக்கா?" என்றாள்.

"யாருட்டி நேர்ந்தா? நீயா நேர்ந்த?"

"அம்மா எந்திரிச்சாள்ல. நீயும்தான எந்திரிச்ச."

முட்டை என் கையிலேயே இருந்தது.

அவளை அப்படி மாற்றி வைத்தவர் அவர்தான். வாரத்துக்கு ஒரு தடவை அவள் கட்டில் பக்கத்தில் வந்து உட்காருவார். நோயைப் பற்றிக் கேட்க மாட்டார். எந்தத் தூண் எதுவரை ஏறியிருக்கிறது என்று சொல்லுவார். "தெக்கு வரிசையில மூணாவது தூணு இருக்கு பாரு, அது முழுக்க உங்க வீட்டு முட்டை. அதை உன் தூணுன்னே வச்சிக்க" என்றார் ஒரு நாள். அந்தப் பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. குணமானதும் அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன் என்றாள். அதில் தன் முகம் தெரியுமா என்று என்னைக் கேட்டாள். தெரியும் என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் இறந்த பிறகு ஒரு கிறிஸ்மஸ் அன்று, கோயிலில் தெற்கு வரிசை மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் உட்காரப் போனேன். அங்கே ஏற்கெனவே ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். "இது எங்க வீட்டு முட்டைத் தூணு, டீச்சர். உபதேசியார் சொன்னாவ" என்றாள். பின்னால் இருந்தவள், "உங்களுக்கும் இதானா? எனக்கும் இதத்தான் சொன்னாவ" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் கொடுத்தது முட்டை மட்டும்தான், அதனால் சிரிக்க முடிந்தது.

முட்டை சாப்பிட்டிருந்தால் எஸ்தர் பிழைத்திருப்பாளா என்று கேட்கிறவர்கள் உண்டு. என் பேரப்பிள்ளைகளில் ஒருத்தி டாக்டருக்குப் படித்தவள், அவளும் கேட்டாள். எனக்குத் தெரியாது. பிழைத்திருக்க மாட்டாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாகப்போகிற பிள்ளையின் வாயிலிருந்து எடுத்துத் தூணுக்குப் பூசலாம் என்று ஆகிவிடுமா?

இன்னொன்றும் சொல்லுவார்கள், அவர் வீட்டு முட்டைதான் முதலில் போனது என்று. உண்மைதான். அவர் சம்சாரம் சத்தமே இல்லாத ஒரு பெண்பிள்ளை. எஸ்தருக்கு வந்த அதே நோயில்தான், இரண்டு வருஷம் கழித்து அவளும் போனாள். கோயில் கட்டிய காலத்திலேயே அவளுக்கு இருமல் இருந்தது. அவள் வாயைக் கட்டித்தான் முதல் தூணுக்குப் பூச்சு ஏறியது. இதைச் சொல்லிச் சொல்லி அவரைப் பெரிய தியாகி ஆக்கிவிட்டார்கள். எனக்கு அவர் மேல் வெறுப்பு கூடியதுதான் மிச்சம். தன் வீட்டுக்குத் தீ வைத்தவன் அடுத்த வீட்டுக்கும் வைக்கலாம் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

லீவு முடிந்து துரை வந்தார். தூண்களைத் தடவிப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். யுத்த காலத்தில் வேறு ஒரு துரை வந்தார். கண்ணாடி மாதிரி மினுங்குகிற தூண் நம் சபையின் எளிமைக்குப் பொருந்தாது, பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் பெண்கள் தூணைப் பார்க்கிறார்கள் என்று சொல்லி, எட்டுத் தூணுக்கும் சாதாரண வெள்ளை அடிக்கச் சொன்னார். இரண்டே நாளில் அடித்து முடித்தார்கள். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது. வருஷா வருஷம் கிறிஸ்மசுக்கு முன்னால் மேலே மேலே அடித்து, இப்போது தூண் ஒரு சுற்றுப் பருத்தும்விட்டது.

அப்போது உபதேசியாருக்கு வேலை ஓய்ந்திருந்தது. பகலில் யாரும் இல்லாத நேரம் கோயிலுக்குள் போய் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் பள்ளிக்கூடத்துச் சாவியைக் கொடுக்கப் போனவள் பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் குந்தவைத்து உட்கார்ந்து, பெருவிரல் நகத்தால் வெள்ளையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு காசு அகலத்துக்குச் சுரண்டிவிட்டு, அதில் கண்ணை வைத்துப் பார்த்தார். கண் மங்கிப்போன ஆள், என்ன தெரிந்திருக்குமோ. என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"உள்ள இருக்குல்ல டீச்சரம்மா? மினுக்கம் போயிரலல்ல?"

இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே அந்தக் காசு அகலம் பளபளவென்று தெரிந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நடந்தேன். அன்று எனக்கு வயிறு குளிர்ந்தது. அதற்காக வருத்தப்பட வேண்டும் என்று ஐயர்மார் சொல்லுவார்கள். நான் வருத்தப்பட்டதில்லை.

எஸ்தர் இறந்தது பங்குனி வெயிலில், ஒரு வியாழக்கிழமை விடியற்காலை. கோயில் பிரதிஷ்டைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனாலும் வேலை முடிந்துவிட்டதால், உள்ளே வைத்து அடக்க ஆராதனை நடத்தலாம் என்று ஐயர் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகப்புக்கு வந்துவிட்டோம். உபதேசியார் வாசலில் வந்து நின்றார்.

"ஐயரே, கடைசிப் பூச்சு இன்னும் காயாம வேர்க்குது. இப்ப இம்புட்டுச் சனமும் உள்ள வந்தா மூச்சுக்காத்து பட்டே மங்கிரும். இங்க முகப்புல வச்சே ஜெபிச்சிருவோம்."

ஐயர் தயங்கினார். அம்மாதான் பேசினாள். "அவ பார்க்கணும்னு ஆசைப்பட்ட தூணு, உபதேசியாரே. செத்த நேரம் உள்ள கொண்டுபோயிட்டு வந்திருதோம்."

"நாலு நாள் கழிச்சின்னா நானே தூக்கிட்டு வந்திருப்பேன் தாயி" என்றார் அவர்.

அவர் அதை மனசாரச் சொன்னார். நாலு நாள் கழிச்சு. அந்த வெயிலில், பெட்டிக்குள் இருக்கிற பிள்ளையிடம். அம்மா ஒதுங்கினாள். முகப்பில் ஒரு பெஞ்சியைப் போட்டு, அதன் மேல் எஸ்தரை வைத்தார்கள்.

அன்றைக்கும் கோழி முட்டை இட்டிருந்தது. சாவு வீடு என்று கோழிக்குத் தெரியுமா. காலையில் கூட்டைத் திறந்தபோது இரண்டு கிடந்தன. எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். ஐயர் பாட்டை ஆரம்பித்ததும், நான் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனேன். அந்த மூன்றாவது தூணில் இரண்டையும் அடித்து உடைக்க வேண்டும், மஞ்சளும் வெள்ளையுமாக அது வழிந்து ஓட வேண்டும் என்றுதான் போனேன்.

உள்ளே உபதேசியார் மட்டும் இருந்தார். மல்துணியால் தூணைச் சுற்றிச் சுற்றி ஈரத்தை ஒற்றிக்கொண்டிருந்தார். குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் தூண் மினுங்கியது. நன்றாகத்தான் இருந்தது. அதில் நீளநீளமாக என் முகம் தெரிந்தது. வெளியே அம்மாவின் குரல் பாட்டோடு சேர முடியாமல் தனியாகக் கேட்டது.

அவர் திரும்பினார். முதல் தடவையாக என் தலைக்கு மேலே பார்க்கவில்லை. என் மடியைப் பார்த்தார். முட்டை இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் ஒரு கனிவு வந்தது. அப்படி ஒரு கனிவை அவரிடம் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"நேத்தோட பூச்சு முடிஞ்சிட்டு டீச்சரம்மா" என்றார். "இனி முட்டை வேண்டாம். வீட்டுக்கே வச்சிக்கிடுங்க."

எனக்குக் கை வரவில்லை. எவ்வளவோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், ஏன் வரவில்லை என்று. திரும்பி, பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். கோயிலின் பின்சுவரில் தட்டி ஒரு முட்டையை உடைத்து, அண்ணாந்து வாயில் ஊற்றினேன். குமட்டியது. விழுங்கினேன். இரண்டாவதையும் உடைத்துக் குடித்தேன். டாக்டரம்மா சொன்ன மாதிரியே, காலையில் இரண்டு, பச்சையாக. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு முகப்புக்குப் போய், அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று மிச்சப் பாட்டைப் பாடினேன்.